தினமும் ஒரு பெரட்டு

கெர்லிங் வட்டார மூத்த குடிமக்களுக்கான சுகாதார உரை



சுகாதார உரை என்றதும், "சீனியைக் குறை, உப்பைக் குறை" என்று சொல்லிவிட்டுப் போவார்கள் என்று நினைத்து வந்திருப்பீர்கள். அதையும் சொல்லத்தான் போகிறோம். ஆனால் இன்றைய பேச்சு வேறு ஒன்றைப் பற்றியது. பேரப்பிள்ளையின் பிறந்தநாள், மகள் புது வீட்டுக்குக் குடிபோனது, வீட்டு நாய் குட்டி போட்டது, வாசலில் வைத்த முருங்கை காய்த்தது போன்ற செய்திகளைச் சொந்தபந்தங்களோடு பகிர்ந்துகொள்வது பற்றிப் பேசப்போகிறோம். இதற்கும் உடல்நலத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். தனியாக இருக்கும் வயதானவரின் உயிரைக் காப்பாற்றுகிற அளவுக்குச் சம்பந்தம் உண்டு. எப்படி என்று பார்ப்போம்.

அன்று பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள்

உங்களில் பலர் தோட்டத்தில் பிறந்து, தோட்டத்திலேயே வேலை செய்து ஓய்வு பெற்றவர்கள். பெரட்டு என்றால் என்னவென்று உங்களுக்கு விளக்கத் தேவையில்லை. விடிவதற்கு முன்பே மணி அடிக்கும். கிராணி செக்ரோலை வைத்துக்கொண்டு ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுவார். கூப்பிட்டவுடன் குரல் கொடுக்க வேண்டும். ஒரு குரல் வரவில்லை என்றால் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். "அவருக்கு ராத்திரியெல்லாம் காய்ச்சல்" என்று பக்கத்து வீட்டுக்காரர் சொல்லுவார். லயத்து வீடுகளுக்கு இடையே இருந்தது ஒரே சுவர். இந்த வீட்டில் இருமினால் அந்த வீட்டில் கேட்கும்.

பெரட்டு வேலை வாங்குவதற்காக வைக்கப்பட்டது. நம்முடைய நலனுக்காக யாரும் அதை வைக்கவில்லை. அந்தக் காலத்துக் கஷ்டங்களை மறந்து அதைப் புகழவும் வேண்டாம். ஆனாலும் அதில் ஒரு நன்மை இருந்தது. தினமும் ஒரு முறை யாரோ நம் பெயரைக் கூப்பிட்டார்கள். நாம் நன்றாக இருக்கிறோமா இல்லையா என்பது நாலு பேருக்குத் தெரிந்தது.

விசேஷங்களும் அப்படித்தான். ஒரு வீட்டில் குழந்தை பிறந்தால் லயமே பெயர் வைக்கும். ஒரு வீட்டில் சடங்கு என்றால் மற்ற வீட்டு அடுப்புகளிலும் பலகாரம் வேகும். தூரத்துச் சொந்தங்களுக்குக் கடிதமோ தந்தியோ போகும். வானொலியில் பிறந்தநாள் வாழ்த்துச் சொல்லும்போது நம் பிள்ளையின் பெயர் வருகிறதா என்று காத்திருந்து கேட்போம். 1924 முதல் 2019 வரை வெளிவந்த தமிழ் நேசன் போன்ற பத்திரிகைகளில் பிறந்தநாள் படமும் நினைவஞ்சலிப் படமும் வந்தால் வெட்டி எடுத்துப் பத்திரப்படுத்துவோம்.

பிறகு பல இடங்களில் பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. பிள்ளைகள் படித்து, ரவாங், கோலாலம்பூர், ஷா ஆலாம், சிங்கப்பூர் என்று வேலைக்குப் போனார்கள். நாமும் லயத்தை விட்டுத் தாமான் வீட்டுக்கு வந்தோம். இப்போது கல்சுவர், இரும்புக் கேட்டு, அதற்குப் பூட்டு. வீடு வசதியாகத்தான் இருக்கிறது. ஆனால் உள்ளே ஒருவர் வழுக்கி விழுந்தால் அடுத்த வீட்டுக்குக் கேட்காது. காலையில் பெயரைக் கூப்பிடவும் ஆள் இல்லை.

இது நம் ஊருக்கு மட்டும் உள்ள நிலைமை அல்ல. உலகில் 6 பேரில் ஒருவர் தனிமையால் வாடுகிறார் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2025-ஆம் ஆண்டு அறிக்கையில் கூறியது. தனிமையோடு தொடர்புடைய இறப்புகள் ஆண்டுக்கு 8 லட்சத்து 71 ஆயிரத்துக்கும் மேல் என்று அந்த அறிக்கை மதிப்பிடுகிறது. தனிமை மனத்தை வாட்டுவதோடு நிற்பதில்லை. மாரடைப்பு, பக்கவாதம், இனிப்பு நீர், மறதி நோய், மனச்சோர்வு ஆகியவை வரும் வாய்ப்பையும் அது கூட்டுகிறது.

நல்ல செய்தி மட்டும் சொன்னால் போதுமா?

இன்று பலர் வீட்டிலும் கைப்பேசி இருக்கிறது. குடும்ப வாட்ஸ்அப் குழுவும் இருக்கிறது. காலையில் பூப்படத்தோடு வணக்கம் வருகிறது. பேரன் பரிசு வாங்கிய படம் வருகிறது. பேத்தி ஆடிய வீடியோ வருகிறது. நீங்களும் கைகூப்பும் படத்தை அனுப்புகிறீர்கள். இதெல்லாம் நல்லதுதான். தொடர்ந்து செய்யுங்கள்.

ஆனால் இதை யோசித்துப் பாருங்கள். மகள் தொலைபேசியில் கூப்பிடுகிறாள்.

"அம்மா, பசியாறிட்டீங்களா?"

"ஆச்சும்மா."

"உடம்பு எப்படி இருக்கு?"

"எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கேன். நீ பிள்ளைங்களைப் பாரு."

அந்த அம்மாவுக்கு மூன்று நாளாகத் தலைசுற்றல். நேற்றுக் குளியலறையில் கால் தடுமாறிச் சுவரைப் பிடித்துக்கொண்டார். இரண்டு வேளை மாத்திரை போடவில்லை. இது எதுவும் மகளுக்குத் தெரியாது. "பிள்ளைகள் வேலைக்கு நடுவே கவலைப்படுவார்கள், விடுமுறை எடுத்துக்கொண்டு ஓடி வருவார்கள், எதற்குத் தொந்தரவு?" என்பது அந்த அம்மாவின் எண்ணம். அது பாசத்தால் வந்த எண்ணம்தான். ஆனால் அதனால் கிடைப்பது என்ன? இன்று சொன்னால் கிளினிக்கில் ஒரு காலைப் பொழுதோடு முடிகிற காரியம், சொல்லாமல் விட்டால் மருத்துவமனைப் படுக்கையில் பல வாரம் ஆகலாம். அப்போது பிள்ளைகள் எடுக்கும் விடுமுறை ஒரு நாளோடு நிற்காது.

ஆகவே இன்றைய பேச்சின் சாரம் இதுதான். பெரட்டில் குரல் கொடுத்ததுபோல, தினமும் ஒரு முறை உங்கள் குடும்பத்துக்குக் குரல் கொடுங்கள். அதில் மூன்று விஷயங்களை உள்ளபடி சொல்லுங்கள்.

1. பசியாறினேனா, என்ன சாப்பிட்டேன்.
2. மருந்து எடுத்தேனா.
3. நேற்றைக்கும் இன்றைக்கும் உடம்பில் என்ன வித்தியாசம்.

இந்த மூன்றோடு உங்கள் வீட்டுச் செய்தி ஒன்றையும் சேருங்கள். பூனை எங்கே தூங்கியது, யார் வந்து போனார்கள், என்ன சமைத்தீர்கள் என்று எதுவாகவும் இருக்கலாம். வெறும் நோய்க்கணக்கு மட்டும் சொன்னால் நாலாவது நாள் உங்களுக்கே அலுத்துவிடும். வீட்டுச் செய்தியும் கலந்தால்தான் பேச்சு நீடிக்கும். உங்கள் பேச்சைத் தினமும் கேட்கும் பிள்ளைக்கு உங்கள் குரல் பழகியிருக்கும். நாக்குக் குழறினாலோ, சொல்லுக்குத் தடுமாறினாலோ அந்தப் பிள்ளை உடனே கண்டுபிடித்துவிடும்.

நேரம் ஏன் முக்கியம்?

பக்கவாதத்தை எடுத்துக்கொள்வோம். முகம் ஒரு பக்கம் கோணுதல், ஒரு கையோ காலோ திடீரென்று பலமிழத்தல், பேச்சுக் குழறுதல் ஆகிய மூன்றில் ஒன்று வந்தாலும் பக்கவாதம் என்று சந்தேகப்பட வேண்டும். உடனே 999 என்ற எண்ணை அழைக்க வேண்டும். எண்ணெய் தேய்த்துப் பார்ப்போம், தூங்கி எழுந்தால் சரியாகிவிடும் என்று காத்திருக்கக் கூடாது.

ரத்தக்குழாய் அடைப்பால் வரும் பக்கவாதத்துக்கு, அடைப்பைக் கரைக்கும் ஊசி மருந்து உண்டு. அதைப் பொதுவாக அறிகுறி தொடங்கி நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். எல்லோருக்கும் அது ஏற்றதல்ல. ஸ்கேன் எடுத்துப் பார்த்து மருத்துவரே தீர்மானிப்பார். அப்போது மருத்துவர் கேட்கும் முதல் கேள்விகளில் ஒன்று, "இவர் கடைசியாக எப்போது நன்றாக இருந்தார்?" என்பதுதான். காலையில் ஏழு மணிக்குப் பேசினேன், நன்றாகத்தான் பேசினார் என்று ஒரு பிள்ளை சொல்ல முடிந்தால், அந்த ஒரு பதில் சிகிச்சையின் போக்கையே மாற்றலாம். பேசி நாலு நாள் ஆயிற்று என்றால் மருத்துவருக்குப் பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லை.

அடுத்தது ரத்தத்தில் சீனி குறைதல். இனிப்பு நீருக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் பசியாறாமல் இருந்தால் சீனி மிகவும் இறங்கிவிடும். வியர்வை, நடுக்கம், படபடப்பு, குழப்பம் வரும். அளவுமானியில் 4-க்குக் கீழே காட்டினால் சீனி குறைந்திருக்கிறது என்று பொருள். உடனே ஒரு மேசைக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடியுங்கள். 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். ஏறவில்லை என்றால் இன்னொரு முறை குடியுங்கள். தெளிந்த பிறகு சாப்பாடு சாப்பிடுங்கள். மயங்கிக் கிடப்பவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. 999-ஐ அழையுங்கள். இப்படி ஒரு முறை வந்துபோனால், சரியாகிவிட்டதே என்று விடாமல் கிளினிக்கில் சொல்லுங்கள். மருந்தின் அளவை மாற்ற வேண்டியிருக்கலாம்.

மூன்றாவது, விழுதல். விழுந்தும் அடிபடவில்லை என்றால் நாம் யாரிடமும் சொல்லுவதில்லை. ஒரு முறை விழுந்தவர் மறுபடி விழும் வாய்ப்பு அதிகம் என்பதால் அதையும் சொல்ல வேண்டும். ரத்தக் கொதிப்பு மாத்திரையா, கண் மங்கலா, கால் மரத்துப்போனதா, காரணம் எது என்று கண்டுபிடித்தால் அடுத்ததைத் தடுக்கலாம். படுக்கையிலிருந்து எழும்போது சட்டென்று எழாதீர்கள். கட்டிலின் ஓரத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்து, பிறகு எழுந்து நில்லுங்கள்.

வாட்ஸ்அப் குழுவைப் பற்றி ஒரு எச்சரிக்கை. "இந்த இலையைக் குடித்தால் மருந்தே வேண்டாம்" என்று வரும் செய்திகளை நம்பி மாத்திரையை நிறுத்தாதீர்கள். அந்தச் செய்தியைக் கைப்பேசியிலேயே வைத்திருந்து, அடுத்த முறை கிளினிக் போகும்போது மருந்தாளுநரிடம் காட்டிக் கேளுங்கள்.

நாயும் பூனையும் குடும்பம்தான்

இந்த வட்டாரத்தில் நாயோ பூனையோ கோழியோ இல்லாத வீடு குறைவு. பிள்ளைகள் போன பிறகு, பேச்சுத் துணைக்கு அவைதான் என்று பலர் சொல்லக் கேட்கிறோம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. சோறு வைக்க எழுந்திருக்க வேண்டும், வாசலைத் திறக்க வேண்டும், கொஞ்சம் நடக்க வேண்டும். ஒரு வாயில்லா ஜீவன் நம்மை நம்பி இருக்கிறது என்ற எண்ணமே காலையில் எழ ஒரு காரணம் ஆகிறது. வயதானவர்கள் வாரத்துக்கு 150 நிமிடமாவது மிதமாக உடலை அசைக்க வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. வெயில் ஏறுவதற்குள் நாயோடு தினமும் அரைமணி நேரம் நடந்தால், ஐந்து நாளில் அந்தக் கணக்கு முடிந்துவிடும். நாய் இழுத்துத் தள்ளிவிடும் அளவுக்குப் பெரியதாக இருந்தால் அதை வேறு யாராவது பிடிக்கட்டும். நீங்கள் கூட நடந்தால் போதும்.

கவனிக்க வேண்டியவை சில உண்டு.

பூனை காலைச் சுற்றும். இருட்டில் அது தெரியாது. இரவில் கழிவறைக்குப் போகும் வழியில் சிறு விளக்கு எரியட்டும். பூனையின் கழுத்தில் சின்ன மணி கட்டுங்கள். சோற்றுத் தட்டை நடைபாதையில் வைக்காமல் ஓரமாக வையுங்கள்.

மீந்த சோற்றை இரவு முழுதும் வெளியில் விடாதீர்கள். எலி வரும். எலியின் சிறுநீரால் எலிக்காய்ச்சல் பரவும். தண்ணீர்ச் சட்டியை அடிக்கடி தேய்த்துக் கழுவித் தண்ணீர் மாற்றுங்கள். தேங்கிய தண்ணீரில் டிங்கிக் கொசு முட்டையிடும்.

நாயோ பூனையோ கடித்தால், பிராண்டினால், அது நம் வீட்டுப் பிராணிதானே என்று மஞ்சள் பூசிவிட்டு இருக்காதீர்கள். ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். பிறகு கிளினிக்குக்குப் போங்கள். வெறிநாய்க்கடி நோய் 2015-ஆம் ஆண்டு நம் தீபகற்பத்தின் வட மாநிலங்களில் நாய்களிடையே தலைகாட்டியது. 2017 முதல் சரவாக்கில் அது மனித உயிர்களையும் பறித்துவருகிறது. அறிகுறி தோன்றிவிட்டால் அநேகமாக யாரும் பிழைப்பதில்லை. அறிகுறி வருவதற்கு முன்பே தடுப்பூசி போட்டால் காப்பாற்றிவிடலாம். இனிப்பு நீர் உள்ளவர்களுக்குச் சின்னக் கீறல்கூடச் சீழ் பிடித்துப் பெரிதாகும் என்பதையும் மறக்க வேண்டாம். பிராணிகளுக்குப் போட வேண்டிய ஊசி, பூச்சி மருந்து பற்றிக் கால்நடைச் சேவைத் துறையிடமோ கால்நடை மருத்துவரிடமோ கேளுங்கள்.

இன்னொன்று முக்கியமானது. மருத்துவமனையில் தங்க வேண்டும் என்று மருத்துவர் சொன்னால், "முடியாது, நாய்க்கு யார் சோறு வைப்பது?" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குத் திரும்புகிறவர்கள் இருக்கிறார்கள். கேட்பவர்கள் சிரிக்கலாம். ஆனால் சொல்லுகிறவருக்கு அது உண்மையான கவலை. கோலகுபு பாரு மருத்துவமனைக்குப் போகும் அன்று காலையில் இதற்கு ஆள் தேட முடியாது. இன்றே ஏற்பாடு செய்யுங்கள். பக்கத்து வீட்டில் ஒருவரிடம் பேசி வையுங்கள். பிராணிக்கு எந்த வேளைக்கு என்ன சாப்பாடு என்று ஒரு தாளில் எழுதி அடுப்படிச் சுவரில் ஒட்டுங்கள். அந்த வீட்டார் பெயரைக் குடும்பத்துக்கும் சொல்லுங்கள். உங்கள் சிகிச்சை ஒரு தட்டுச் சோற்றுக்காக நின்றுபோகக் கூடாது.

விசேஷ நாளும் மருந்தும்

வளைகாப்பு, பெயர் சூட்டு, பிறந்தநாள், சடங்கு, கல்யாணம், புதுமனைப் புகுவிழா, அறுபதாம் கல்யாணம் என்று நம் குடும்பங்களில் விசேஷத்துக்குக் குறைவே இல்லை. கூப்பிட்டால் போங்கள். "நமக்கு வயசாயிடுச்சு, நாம ஏன் நடுவுல" என்று ஒதுங்க வேண்டாம். பேரப்பிள்ளைகளுக்கு நீங்கள் கொடுக்கும் ஆசீர்வாதத்தோடு, தாத்தா பாட்டி எந்தத் தோட்டத்தில் இருந்தார்கள், எப்படி வாழ்ந்தார்கள் என்ற கதையும் உங்களிடமிருந்துதான் போக வேண்டும்.

போகும்போது மருந்துப் பை உங்கள் கைப்பையில் இருக்கட்டும். காடியின் பின்பெட்டியில் வைத்த பையில் இருந்தால் மண்டபத்தில் உதவாது. வெயிலில் நிற்கும் காடிக்குள் இன்சுலினை விடவே கூடாது. இரண்டு நாள் தங்குவதாக இருந்தால் நான்கு நாள் மருந்து எடுங்கள். விசேஷச் சாப்பாடு பிற்பகல் இரண்டு மணிக்குத்தான் ஆகும் என்று தெரிந்தால், வீட்டிலேயே வழக்கமான நேரத்துக்குக் கொஞ்சம் பசியாறிவிட்டுப் புறப்படுங்கள்.

இலையில் எல்லாம் வைப்பார்கள். எல்லாவற்றையும் முடிக்க வேண்டும் என்று சட்டம் இல்லை. சுகாதார அமைச்சு "சுக்கு சுக்கு செபாரோ" என்று சொல்லுகிறது. இது கஷாயத்துக்குப் போடும் சுக்கு அல்ல. மலாயில் கால், கால், அரை என்று பொருள். தட்டில் கால் பங்கு சோறு, கால் பங்கு மீன், கோழி அல்லது பருப்பு, அரைப் பங்கு காய்கறியும் பழமும். இலைச் சாப்பாட்டிலும் இதே கணக்கை மனத்தில் வைக்கலாம். பாயசத்தை ருசிக்கு இரண்டு கரண்டி எடுத்துக்கொண்டு, லட்டைப் பேரப்பிள்ளைக்குக் கொடுத்துவிடுங்கள். அப்பளமும் ஊறுகாயும் உப்பு என்பதால் ரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் கையை அடக்க வேண்டும்.

விடுமுறையில் பேரப்பிள்ளைகள் வந்தால் கெர்லிங் வெந்நீர் ஊற்றுக்கு அழைத்துப் போகத் தோன்றும். இனிப்பு நீரால் பாதம் மரத்துப்போனவர்கள் காலை அதில் விடாதீர்கள். சூடு உங்களுக்குத் தெரியாது. கொப்புளம் வந்த பிறகுதான் தெரியும். கரையில் உட்கார்ந்து பிள்ளைகள் விளையாடுவதைப் பாருங்கள். அதுவே பெரிய சந்தோஷம்.

துக்கத்தையும் பகிர வேண்டும்

குடும்பச் செய்தி எல்லாம் சந்தோஷச் செய்தியாக இருக்காது. கணவரோ மனைவியோ போய்விடுகிறார்கள். கூடப் பால்வெட்டிய தோழி போய்விடுகிறார். பத்து வருஷம் காலடியில் கிடந்த நாய் செத்துப்போகிறது. "நாய்க்காகவா அழுகிறாய்?" என்று யாராவது கேட்டால் அழுகையையும் அடக்கிக்கொள்கிறோம். அடக்க வேண்டாம். துக்கம் துக்கம்தான். யாரிடமாவது சொல்லுங்கள்.

காரியம் முடிந்து, வந்த சொந்தங்கள் எல்லாம் திரும்பிப் போன பிறகுதான் வீடு உண்மையாகவே காலியாகும். அந்த வாரங்களில்தான் தினசரி அழைப்பு அதிகம் தேவை. பிள்ளைகளுக்கு இதைச் சொல்லி வையுங்கள்.

எதிலும் விருப்பம் இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, தூக்கம் இல்லை, வாழ்ந்து என்ன பயன் என்று தோன்றுகிறது. இப்படி இரண்டு வாரத்துக்கு மேல் இருந்தால் அதை வயசுக் கோளாறு என்று விடக் கூடாது. மனச்சோர்வு ஒரு நோய். அதற்குச் சிகிச்சை உண்டு. நம் நாட்டில் 2018-ஆம் ஆண்டு 60 வயதுக்கு மேற்பட்டவர்களிடம் நடத்திய தேசிய சுகாதார ஆய்வில், 100 பேரில் சுமார் 11 பேரிடம் மனச்சோர்வின் அறிகுறிகள் காணப்பட்டன. ஆகவே நீங்கள் மட்டும் தனியாக இதைச் சுமக்கவில்லை. கிளினிக்கில் சொல்லுங்கள். 15555 என்ற ஹீல் உதவித் தொலைபேசிக்கும் அழைத்துப் பேசலாம். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்தால் ஒரு நிமிடமும் காத்திருக்காமல் 999-ஐ அழையுங்கள், அருகில் இருப்பவரைக் கூப்பிடுங்கள்.

மறதியைப் பற்றியும் ஒரு வார்த்தை. அதே ஆய்வில் 100 பேரில் 8 அல்லது 9 பேருக்கு மறதி நோய் இருக்கலாம் என்று தெரிந்தது. மூக்குக் கண்ணாடியை எங்கே வைத்தோம் என்று தேடுவது எல்லோருக்கும் உள்ளது. ஆனால் சொன்ன கதையையே அரைமணி நேரத்தில் மறுபடி சொல்லுவது, அடுப்பை அணைக்காமல் விடுவது, பழகிய சந்தையிலிருந்து வீட்டுக்கு வழி தெரியாமல் நிற்பது ஆகியவற்றைக் கவனிக்க வேண்டும். இதை நாமாகக் கண்டுபிடிப்பது கடினம். தினமும் நம்மோடு பேசுகிறவர்தான் முதலில் கண்டுபிடிப்பார். பிள்ளை வந்து, "அப்பா, கிளினிக்குப் போய் ஒரு தடவை பார்த்துட்டு வருவோமா?" என்று கேட்டால் கோபப்படாதீர்கள். சீக்கிரம் தெரிந்தால் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது.

எப்படித் தொடங்குவது?

இன்று மாலையே தொடங்கலாம்.

• ஒரு நேரத்தை முடிவு செய்யுங்கள். காலையில் பசியாறிய பிறகு என்பது நல்ல நேரம். பிள்ளைகள் பலர் இருந்தால் ஆளுக்கு ஒரு நாள் என்று பிரித்துக்கொள்ளட்டும்.

• அந்த நேரத்துக்குள் உங்கள் குரல் வரவில்லை என்றால் என்ன செய்வது என்பதையும் பேசி வையுங்கள். முதலில் மறுபடி அழைப்பது, அடுத்துப் பக்கத்து வீட்டாரைப் போய்ப் பார்க்கச் சொல்லுவது. இந்தப் பேச்சில்லாமல் பெரட்டு பாதிதான்.

• மாற்றுச் சாவி ஒன்றை நம்பிக்கையான அண்டை வீட்டாரிடம் கொடுத்து வையுங்கள். கதவை உடைக்க வேண்டிய நிலை வரக் கூடாது.

• எழுதப் படிக்கச் சிரமமாக இருந்தால் குரல்பதிவு அனுப்புங்கள். கண் தெரியவில்லை என்றால் சாதாரணப் பொத்தான் கைப்பேசியே போதும். பிள்ளைகளின் எண்களையும் 999-ஐயும் பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டச் சொல்லுங்கள்.

• கைப்பேசியை இடுப்புப் பையிலோ சட்டைப் பையிலோ வைத்திருங்கள். தொலைக்காட்சி மேல் இருக்கும் கைப்பேசி, குளியலறையில் விழுந்தவருக்கு உதவாது.

• நீங்கள் சாப்பிடும் மருந்துகளின் பெயர் பட்டியலையும் கிளினிக் தேதியையும் படம் எடுத்துப் பிள்ளைகளுக்கு அனுப்புங்கள்.

பிள்ளை இல்லாதவர்களும், பிள்ளை இருந்தும் பேச்சுவார்த்தை இல்லாதவர்களும் இந்தக் கூட்டத்தில் இருக்கலாம். பெரட்டில் நம்மோடு நின்றவர்கள் எல்லோரும் நம் ரத்த உறவா? இல்லை. ஆனாலும் குரல் வரவில்லை என்றால் திரும்பிப் பார்த்தார்கள். அதுபோல இரண்டு மூன்று வயதானவர்கள் சேர்ந்து ஒருவருக்கொருவர் தினமும் அழைத்துக்கொள்ளலாம். கோவிலில் பார்க்கிறவர், கடையில் பார்க்கிறவர், எதிர்வீட்டு மலாய் அக்கா, சீன அங்கிள், யாராக இருந்தாலும் சரி. அரசாங்கக் கிளினிக்குகளில் மூத்த குடிமக்கள் மன்றம் நடக்கிறதா என்று கேளுங்கள். சமூக நலத் துறையின் கீழ்ப் "பாவே" எனப்படும் மூத்த குடிமக்கள் நடவடிக்கை மையங்களும் பல இடங்களில் இயங்குகின்றன. உங்களுக்கு அருகில் எது என்று விசாரித்துச் சேருங்கள்.

வந்திருக்கும் பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். "எப்படி இருக்கீங்க?" என்று மட்டும் கேட்டால் "நல்லா இருக்கேன்" என்ற பதில்தான் வரும். "காலையில என்ன பசியாறினீங்க? கால் வீக்கம் இறங்கிச்சா? பூனை எங்க படுத்திருக்கு?" என்று கேளுங்கள். அம்மா உண்மையைச் சொன்னால், "ஏன் முன்னமே சொல்லலை?" என்று சத்தம் போடாதீர்கள். ஒரு தடவை திட்டு வாங்கியவர் அடுத்த தடவை மறைத்துவிடுவார். "சொன்னது நல்லதாப் போச்சும்மா" என்று சொல்லுங்கள்.

பெரியோர்களே, பிள்ளைகளுக்குத் தொந்தரவு கொடுக்கக் கூடாது என்று எத்தனையோ வருஷம் வாழ்ந்துவிட்டீர்கள். மழையிலும் பனியிலும் பால்வெட்டி அவர்களைப் படிக்க வைத்தீர்கள். இப்போது தினமும் ஐந்து நிமிடம் அவர்களிடம் வாங்கிக்கொள்வது தொந்தரவு அல்ல. நாளைக் காலையில் பசியாறியதும் கைப்பேசியை எடுங்கள். பேரன் படத்துக்குக் கைகூப்பும் படத்தை அனுப்புங்கள். அதோடு, "மருந்து போட்டுட்டேன், முழங்கால் கொஞ்சம் வலிக்குது, பூனை குட்டிங்களைக் கட்டிலுக்குக் கீழ கொண்டாந்து வச்சிருக்கு" என்று உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள்.

ரத்த அழுத்தமும் சீனி அளவும் பார்க்க விரும்புகிறவர்கள் அருகிலுள்ள அரசாங்கக் கிளினிக்குக்கு வாருங்கள். வரும்போது மருந்துப் பையையும் கையோடு கொண்டு வாருங்கள்.